‘ஜட்ஜ்’ என்ற வினைச்சொல்லும் அதன் பங்காளிகளும்

“என்னை ஜட்ஜ் பண்ணாதீங்க” என்று இப்போது பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். ஆபீஸ் போகிறவர்கள், ரீல்ஸ் போடுகிறவர்கள், ஹாஸ்டல் பசங்கள் என்று எல்லார் வாயிலும் அது புரள்கிறது, தமிழ் வாக்கியத்துக்குள் ஒரு தமிழ் வினை மாதிரியே உட்கார்ந்துவிட்டது. அதே சொல்லை ஆங்கில வாக்கியத்தில் வைத்து எழுதச் சொன்னால் மட்டும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது.

என்னிடம் மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிற ஒரு தம்பி, வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தான். கடைசி வரி இப்படி இருந்தது: “கைண்ட்லி ஜட்ஜ் மை அப்ளிகேஷன்.” அவன் அசட்டையாக எழுதவில்லை. முதலில் ‘கன்சிடர்’ என்றுதான் எழுதியிருக்கிறான், எல்லாரும் எழுதுகிற சொல்லாக இருக்கிறதே என்று போனில் இணைச்சொல் பட்டியலைத் தேடியிருக்கிறான், அதில் ‘ஜட்ஜ்’ என்று இருந்ததால் மாற்றிவிட்டான். இதை அவன் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பட்டியல்கள் பதினைந்து இருபது சொற்களை ஒரே வரிசையில் காற்புள்ளி போட்டு அடுக்கிவிடுகின்றன, எது எந்த இடத்துக்கு என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. படிக்கிறவன் என்ன செய்வான்? அவனுக்கு உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ‘ஜட்ஜ்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அதன் பிறப்பிலேயே பாதி விஷயம் இருக்கிறது. லத்தீனில் ‘யூஸ்’ என்றால் சட்டம், ‘டிக்கெரே’ என்றால் சொல்லுதல். சட்டத்தை எடுத்துச் சொல்கிறவர் ‘யூடெக்ஸ்’. அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனது. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது, அதோடு சேர்ந்து வந்த சொற்களில் இதுவும் ஒன்று. நம் ‘தீர்ப்பு’ வேறு வழியில் பிறந்தது. அது ‘தீர்’ என்பதிலிருந்து வந்தது, வழக்கு தீர்ந்தது, சண்டை முடிந்தது என்று பொருள். அவர்கள் சொல் சட்டத்தைச் சொல்வதில் நிற்கிறது, நம் சொல் பிரச்சினை முடிவதில் நிற்கிறது. எனக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பிடிக்கும்.

நீதிமன்றத்தில் பிறந்தாலும் ‘ஜட்ஜ்’ அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை, தெருவுக்கு வந்துவிட்டது. வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதும், சமையல் போட்டியிலோ பாட்டுப் போட்டியிலோ நடுவராக இருந்து மார்க் போடுவதும் நமக்குத் தெரிந்த பொருள்கள்தான், அவற்றில் குழப்பம் இல்லை. குழப்பம் வருவது மற்ற இரண்டில்.

ஒன்று, கண்ணால் கணிப்பது. கிரிக்கெட்டில் பந்து வானத்துக்குப் போகிறது, பவுண்டரியில் நிற்கிறவர் அது எங்கே விழும் என்று கணித்து நாலு அடி பின்னால் போய் நிற்கிறார். அதுதான் ‘ஹி ஜட்ஜ்ட் தி கேட்ச் வெல்’. தப்பாகக் கணித்து முன்னால் ஓடிவந்து, பந்து தலைக்கு மேல் போய்விட்டால் ‘மிஸ்ஜட்ஜ்’. சாலையைக் கடக்கும்போது பஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பார்ப்பது, காரை ரிவர்ஸ் எடுக்கும்போது சுவர் எவ்வளவு பக்கம் என்று பார்ப்பது எல்லாம் இந்த வகை. இங்கே நல்லது கெட்டது என்ற பேச்சே கிடையாது, தூரம், வேகம், நேரம், அளவு, வயது இவைதான். “அவருக்கு நாற்பது வயது இருக்கும் என்று தோன்றியது” என்பதைக்கூட ‘ஐ ஜட்ஜ்ட் ஹிம் டு பி அபௌட் ஃபார்ட்டி’ என்று எழுதலாம், ஆனால் அது எழுத்து நடை, பேச்சில் அப்படி யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றுதான் நம் பிள்ளைகள் பிடித்துக்கொண்ட பொருள்: ஒரு ஆளைப் பார்த்து, அவர் நிலை தெரியாமலே, மனதுக்குள் அவரைக் கீழே இறக்கிவைப்பது. இது புதிதாக வந்த பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். பழசுதான். ஆங்கில பைபிளில் மத்தேயு 7:1 ‘ஜட்ஜ் நாட்’ என்று தொடங்குகிறது, 1611ல் வந்த மொழிபெயர்ப்பில் அப்படி இருக்கிறது. நம் பழைய தமிழ் பைபிளில் அதே இடத்தில் “மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்” என்று இருக்கும். வெறுமனே ‘தீர்க்காதிருங்கள்’ என்று போட்டிருந்தால் தமிழில் பொருள் வராது, அதனால் மொழிபெயர்த்தவர்கள் ‘குற்றவாளிகளென்று’ என்ற சொல்லைச் சேர்த்து, ஆங்கிலத்தில் மறைந்திருக்கிற கசப்பை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் போதும், ‘டோன்ட் ஜட்ஜ் மீ’ என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2013ல் போப் பிரான்சிஸ் பிரேசிலிலிருந்து திரும்பும் விமானத்தில் நிருபர்களிடம் பேசும்போது சொன்னது ஆங்கிலத்தில் ‘ஹூ ஆம் ஐ டு ஜட்ஜ்’ என்று உலகம் முழுக்கப் போனது. தீர்ப்புச் சொல்ல நான் யார் என்ற அந்தத் தொடர் இன்று அன்றாடப் பேச்சில் நிறையவே புழங்குகிறது.

ஆனால் பேச்சில் ‘டோன்ட் ஜட்ஜ் மீ’ எப்போதும் இவ்வளவு கனமாக வருவதில்லை. பிரியாணி இரண்டு பிளேட் சாப்பிட்டேன், டோன்ட் ஜட்ஜ் மீ என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அது நம் ஊர் “தப்பா நினைக்காதீங்க” தான். ‘நோ ஜட்ஜ்மென்ட்’ என்று எதிரில் இருப்பவர் சொன்னால் “சும்மா சொல்லு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்” என்று பொருள். எப்போதும் அடுத்தவரைக் குறை பார்த்துக்கொண்டே இருக்கிறவருக்கு ‘ஜட்ஜ்மென்டல்’ என்று ஒரு பெயரடை. இதை நல்ல பொருளில் பயன்படுத்த முடியாது, நினைவிருக்கட்டும். நன்றாக ஆராய்ந்து முடிவெடுக்கிறவர் என்று ஒருவரைப் பாராட்ட நினைத்து ‘ஹி இஸ் வெரி ஜட்ஜ்மென்டல்’ என்று சொன்னால் அது திட்டு. பாராட்ட வேண்டுமானால் ‘ஹி ஹாஸ் குட் ஜட்ஜ்மென்ட்’. ஒரே வேர்தான், ஒன்று வசவு, இன்னொன்று புகழ்.

‘டோன்ட் ஜட்ஜ் எ புக் பை இட்ஸ் கவர்’ என்ற பழமொழியைத் தமிழில் அட்டை, புத்தகம் என்று அப்படியே இழுத்துக்கொண்டு வருகிறார்கள். நமக்கு அதைவிட நல்லது இருக்கிறது, “உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார் உடைத்து” என்று 667ஆவது குறள். இவ்வளவு பெரிய தேர் உருள்வது அந்தச் சின்ன அச்சாணியால். அட்டை, புத்தகம் என்பதைவிட இது பல மடங்கு ஆழமான உவமை என்று நான் நினைக்கிறேன், மொழிபெயர்க்கச் சொன்னால் மாணவர்களிடம் இதையே எழுதச் சொல்வேன்.

அந்தப் பழமொழியில் வருகிற ‘பை’ என்ற சின்னச் சொல்லைக் கவனியுங்கள். எதை வைத்து முடிவுக்கு வருகிறோமோ அதற்கு முன்னால் ‘பை’ வரும். ‘ஜட்ஜிங் பை ஹிஸ் ஆக்சென்ட், ஹி மஸ்ட் பி ஃப்ரம் திருநெல்வேலி.’ தமிழில் “பேச்சை வைத்துப் பார்த்தால் திருநெல்வேலிக்காரர் போல.” ‘ஜட்ஜிங் பை’ என்பது நம் ‘வைத்துப் பார்த்தால்’ தான், இரண்டும் அச்சாகப் பொருந்தும். ‘ஃப்ரம்’ வந்தாலும் தப்பில்லை. போட்டியில் எதற்கு எதற்கு மார்க் என்று சொல்லும்போது பெரும்பாலும் ‘ஆன்’ வரும்: சுவை, தோற்றம் இரண்டுக்கும் மார்க் என்றால் ‘ஜட்ஜ்ட் ஆன் டேஸ்ட் அண்ட் லுக்ஸ்’.

சரி, இப்போது பங்காளிகள். ஒரு பழைய வீடு வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், திருச்சியில் ஸ்ரீரங்கம் பக்கம், ஓட்டு வீடு, கொல்லையில் கிணறு. அந்த ஒரு வீட்டைச் சுற்றி இந்தச் சொற்கள் எல்லாம் வேலை பார்க்கும்.

கொத்தனாரையோ கான்ட்ராக்டரையோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறீர்கள், மராமத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறீர்கள். அவர் செய்வது ‘எஸ்டிமேட்’. இந்தச் சொல்லை நாம் தமிழாகவே ஆக்கிக்கொண்டோம், எஸ்டிமேட் போட்டுக் கொடுங்க என்று எல்லாரும் சொல்கிறோம், சரியாகவும் சொல்கிறோம். எஸ்டிமேட் என்றால் கடைசியில் ஒரு எண் வர வேண்டும், அது துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. ரூபாய், நாள், ஆள், மூட்டை, ஏதோ ஒன்று. எண் வராத இடத்தில் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் போட முடியாது, ஒருவர் குணத்தை எஸ்டிமேட் செய்வது என்று ஆங்கிலத்தில் வினையாக எழுதினால் ஒட்டாது.

இன்ஜினியர் ஒருவர் வந்து சுவர் விரிசலைத் தட்டிப் பார்த்து, அஸ்திவாரம் இறங்கியிருக்கிறதா, உத்தரத்தில் கரையான் இருக்கிறதா என்று சோதிக்கிறார். அது ‘அசெஸ்’. நிலைமை என்ன, பாதிப்பு எவ்வளவு, ஆபத்து உண்டா என்று ஆராய்வது. புயலுக்குப் பிறகு வெள்ளச் சேதத்தைப் பார்க்க வருகிற குழு செய்வதும், நோயாளியை டாக்டர் முதலில் பரிசோதிப்பதும் இதே சொல்லில் அடங்கும். இந்தச் சொல்லின் மூலம் லத்தீனில் ‘பக்கத்தில் உட்காருதல்’. நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து, யார் எவ்வளவு வரி, எவ்வளவு அபராதம் என்று கணக்குப் பார்த்துச் சொன்ன ஆளிடமிருந்து வந்தது. அதனால்தான் வருமான வரியில் அசெஸ்மென்ட் ஆர்டர், அசெஸ்ஸி என்றெல்லாம் வருகிறது, நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் சொத்துவரி ரசீதிலும் ‘அசெஸ்மென்ட் நம்பர்’ என்று ஒன்று இருக்கும், எடுத்துப் பாருங்கள். வரிக்கும் விரிசலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றினால், சம்பந்தம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்த மனிதர்தான்.

கடன் கொடுக்கிற வங்கி தன் சார்பில் ஒரு ‘வேல்யூவர்’ அனுப்பும். அமெரிக்காவில் இதே வேலை செய்கிறவர் ‘அப்ரைசர்’. நம் ஊரில் அப்ரைசர் என்றால் நகைக்கடன் கவுன்டரில் உரைகல்லோடு உட்கார்ந்திருக்கிறவர். ‘அப்ரெய்ஸ்’ என்றால், விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு பொருளைப் பார்த்து இதற்கு இன்ன விலை என்று சொல்வது. கம்பெனிகள் இந்தச் சொல்லை மனிதர்கள் மேல் திருப்பி, வருஷக் கடைசியில் ‘அப்ரைசல்’ என்று வைத்துவிட்டன. இதோடு ‘அப்ரைஸ் ஆஃப்’ என்று வருகிற இன்னொரு வினையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அது தகவல் தெரிவிப்பது. ஒலி கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டும் ‘இஸட்’ ஒலியில்தான் முடியும், ஆனால் முதலாவதின் நடுவில் ‘ப்ரெய்’, இரண்டாவதில் ‘ப்ரை’, எழுத்தும் வேறு. அலுவலகக் கடிதங்களில் இந்த இரண்டையும் மாற்றி எழுதுவது தினமும் நடக்கிறது.

இப்படி மூன்று வீடு பார்த்தாகிவிட்டது, மூன்றின் விலை, இடம், தண்ணீர், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, எது தேறும் என்று யோசிக்கிறீர்கள். அது ‘எவால்யுவேட்’. அளவுகோல்களை முன்கூட்டியே வைத்துக்கொண்டு அதன்படி மதிப்பிடுவது. விடைத்தாள் திருத்துவதையும் நம் ஊரில் இப்படித்தான் சொல்கிறோம், வேல்யூவேஷன் கேம்ப் என்று ஆசிரியர்கள் போய்வருவது இதற்குத்தான். பிரிட்டனில் அதை ‘மார்க்’ என்ற வினையாலும் அமெரிக்காவில் ‘கிரேட்’ என்ற வினையாலும் சொல்வார்கள். நல்லதையும் பார், கெட்டதையும் பார், எது மிகுதியோ அதை வைத்து முடிவெடு என்று ‘குணம்நாடிக் குற்றமும் நாடி’ குறள் சொல்வது அப்படியே எவால்யுவேட் செய்யும் முறைதான். அது ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரத்தில் இருக்கிறது, ஆளை வேலைக்கு எடுப்பது பற்றிய அதிகாரம் அது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல ஆசை. ஆங்கிலத்தில் எஸ்டிமேட் என்ற சொல்லும், மரியாதை என்று பொருள்படும் ‘எஸ்டீம்’ என்ற சொல்லும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. தமிழில் ‘மதிப்பு’ என்ற ஒரே சொல் இரண்டையும் செய்கிறது. வீட்டின் மதிப்பு எவ்வளவு என்கிறோம், ஊரில் அவருக்கு நல்ல மதிப்பு என்கிறோம். எங்கெங்கோ இருக்கிற இரண்டு மொழிகள், விலைபோடுவதையும் மரியாதை வைப்பதையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன.

வீட்டுக்காரரைப் பார்த்த முதல் ஐந்து நிமிஷத்தில் உங்கள் மாமா, “இந்த ஆள் விலையைக் குறைக்க மாட்டான்” என்று காதோடு சொல்கிறாரே, அது ‘சைஸ் அப்’. ஆளை எடைபோடுவது. தமிழில் எடை, ஆங்கிலத்தில் அளவு, அவ்வளவுதான். அப்புறம் ‘ரெக்கன்’ என்று ஒன்று உண்டு, பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பேச்சில் நிறைய வரும், “நான் கணக்குப் போட்டதில்” என்று நாம் சொல்வோமே அதுபோல. அதன் மூலப்பொருளும் எண்ணுவதுதான், ‘ரெடி ரெக்கனர்’ என்ற கணக்குப் புத்தகத்தின் பெயரில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. இந்தியர்கள் ரெக்கன் என்று பேசினால் தப்பில்லை, ஆனால் விண்ணப்பக் கடிதத்தில் வேண்டாம்.

வீட்டுப் பத்திரத்தில் வில்லங்கம் வந்து, அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள் என்றால் கனமான சொற்கள் வரும். ‘அட்ஜூடிகேட்’ என்பது அதிகாரம் உள்ள ஒரு அமைப்பு முறைப்படி விசாரித்து முடிவுசொல்வது. கோர்ட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒருவர் விசாரித்து, கட்டுப்படுத்துகிற முடிவு கொடுத்தால் ‘ஆர்பிட்ரேட்’. பேசிச் சமாதானம் மட்டும் செய்துவைத்து, முடிவை அவர்களிடமே விட்டால் ‘மீடியேட்’. நம் ‘மத்தியஸ்தம்’ என்ற சொல் பிந்தைய இரண்டுக்கும் புழங்குவதால் இங்கே எல்லாரும் தடுமாறுகிறார்கள். ‘அட்ஜட்ஜ்’ என்பதைப் பத்திரிகை விளையாட்டுப் பக்கத்தில் பார்க்கலாம்: சிறந்த ஆட்டக்காரராக அறிவிக்கப்பட்டார், எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்டார் என்ற இடங்களில் செயப்பாட்டு வினையாக வரும். பேச்சுக்கு ஒத்துவராது. கிரிக்கெட் என்றதும் நினைவு வருகிறது, ‘அம்பயர்’ என்ற சொல் முன்பு ‘நம்பயர்’ என்பது போல முன்னால் ‘ந’ ஒலியோடு இருந்தது, பழைய பிரெஞ்சில் ‘சமமில்லாதவர்’ என்று பொருள், அதாவது இரண்டு பேர் சண்டையில் எந்தப் பக்கமும் சேராத மூன்றாவது ஆள். ‘எ நம்பயர்’ என்று சொல்லிச் சொல்லி, அந்த ‘ந’ முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு ‘அன் அம்பயர்’ ஆகிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சொல்லைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ‘டீம்’, அணி என்ற டீம் அல்ல, இது வேறு. பிரெஞ்சு ‘ஜட்ஜ்’ வந்து சேர்வதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் தீர்ப்பளிப்பதற்கு வைத்திருந்த சொந்தச் சொல் இதுதான். இதன் கூடப்பிறந்தது ‘டூம்’, அழிவு என்று இன்று நாம் அறிந்த சொல் ஒரு காலத்தில் தீர்ப்பு என்றுதான் பொருள்பட்டது. 1086ல் வில்லியம் மன்னர் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் எடுத்த நிலக் கணக்குப் புத்தகத்துக்கு ‘டூம்ஸ்டே புக்’ என்று பெயர் வந்ததும் அதனால்தான், கடைசி நாள் தீர்ப்பு மாதிரி அதற்கு மேல் முறையீடு கிடையாது. மான் தீவில் இன்றைக்கும் நீதிபதிக்கு ‘டீம்ஸ்டர்’ என்றுதான் பெயர்.

அந்தப் பழைய சொல் நம் ஊரில் கல்லூரி போர்டில் தொங்குகிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? டீம்ட் யுனிவர்சிட்டி, தமிழில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 1956ஆம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, சட்டமன்றத்தாலோ நாடாளுமன்றத்தாலோ பல்கலைக்கழகமாக உருவாக்கப்படாத ஒரு நிறுவனத்தை, அந்தச் சட்டத்தின் காரியங்களுக்காகப் பல்கலைக்கழகமாகவே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. 1958ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் அப்படி ஆனது. ‘டீம்’ என்றால் அது உண்மையில் அதுவா என்ற விசாரணைக்குள் போகாமல், அதுவாகவே கொள்வது. பதிவுத் தபாலில் சரியான முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று சட்டம் சொல்கிற இடத்திலும் ‘டீம்ட்’ தான். தமிழில் ‘கருதப்படும்’ என்று அரசாணைகளில் எழுதுகிறார்கள், எனக்கு ‘கொள்ளப்படும்’ தான் இன்னும் சரியாகப் படுகிறது, ‘கருது’ என்றால் யாரோ ஒருவர் மனதில் நினைப்பது போல இருக்கிறது, இங்கே நினைப்பதற்கு யாரும் இல்லை, சட்டம் அப்படி வைத்துக்கொள்கிறது.

அந்தக் ‘கருது’ பொருந்துகிற ஆங்கிலச் சொல்தான் தம்பியின் கடிதத்தில் முதலில் இருந்த ‘கன்சிடர்’. அதற்கு ஆழ்ந்து பரிசீலிப்பது என்றும், இன்னார் என்று கருதுவது என்றும் இரண்டு வேலை. விண்ணப்பத்தைப் பரிசீலியுங்கள் என்று கேட்கும்போது அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. எல்லாரும் எழுதுகிறார்கள் என்பதற்காக மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை, உப்பை எல்லாரும்தான் போடுகிறார்கள். இரண்டாவது வேலையில் மட்டும் ஒரு சின்னக் கவனம் வேண்டும்: அவரை என் அண்ணனாகக் கருதுகிறேன் என்பதில் வருகிற ‘ஆக’ நம்மை இழுத்துக்கொண்டு போய் ‘கன்சிடர் ஹிம் ஆஸ் மை பிரதர்’ என்று எழுதவைக்கும். ‘ஆஸ்’ வேண்டாம், ‘ஐ கன்சிடர் ஹிம் மை பிரதர்’ போதும். ‘ஆஸ்’ போட்டே ஆக வேண்டும் என்றால் வினையை ‘ரிகார்ட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வரி. ‘ஜட்ஜ்மென்ட்’ என்பதில் ‘ஜி’க்குப் பிறகு ‘ஈ’ வருமா வராதா என்று கேட்பார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பொதுப் பேச்சுக்கு இரண்டும் உண்டு, அமெரிக்காவில் ‘ஈ’ இல்லாமல் எழுதுவதே வழக்கம், கோர்ட் தீர்ப்பு என்ற பொருளில் பிரிட்டனிலும் இந்தியாவிலும் சட்டக்காரர்கள் ‘ஈ’ போடுவதில்லை. 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.